வராத கப்பல்: ரியர் அட்மிரல் கிராடக்கின் கடைசி ஏழு வாரங்கள்

1914 அக்டோபர் 22, முதல் உலகப் போர்க் காலம். தென் அட்லாண்டிக்கில் ஃபாக்லாந்து தீவுகளின் ஸ்டான்லி துறைமுகத்திலிருந்து 'குட் ஹோப்' என்ற பழைய கவசக் கப்பல் கிளம்பியது. அதில் தளபதிக் கொடி ஏற்றியிருந்த ரியர் அட்மிரல் சர் கிறிஸ்டோபர் கிராடக், புறப்படும் முன் தீவின் ஆளுநர் அலர்டைஸிடம் ஒரு கடிதத்தை ஒப்படைத்திருந்தார். தான் இறந்துவிட்டதாகத் தெரிந்தால் மட்டும் அதை அனுப்ப வேண்டும் என்பது ஏற்பாடு. இங்கிலாந்தில் இருந்த அட்மிரல் சர் ஹெட்வொர்த் மியூக்ஸுக்கு எழுதப்பட்ட கடிதம் அது. பாவம் ட்ரூப்ரிட்ஜுக்கு நேர்ந்த கதி எனக்கு நேராதபடி பார்த்துக்கொள்வேன் என்று அதில் கிராடக் எழுதியிருந்தார். ட்ரூப்ரிட்ஜ் இன்னொரு அட்மிரல், அவர் கதை பின்னால் வருகிறது.

பத்தே நாளில் அந்தக் கடிதத்தை அனுப்ப வேண்டிய நிலை வந்தது. நவம்பர் 1 மாலை, சிலி நாட்டின் கொரோனெல் ஊருக்கு அப்பால் நடந்த சண்டையில் 'குட் ஹோப்', 'மான்மத்' என்ற இரண்டு கப்பல்களும் ஆட்களோடு மூழ்கின. சுமார் 1,600 பேர். இரண்டிலிருந்தும் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. ஜெர்மானியர் பக்கம் மூன்று பேருக்குக் காயம், அவ்வளவுதான். நூறு ஆண்டுகளில் பிரிட்டிஷ் கடற்படை சந்தித்த முதல் தோல்வி என்று இதைச் சொல்வார்கள்.

தன்னைவிடப் பலமான எதிரி என்று கண்ணால் பார்த்தும் கிராடக் ஏன் ஒதுங்கவில்லை? வழக்கமான பதில், அவர் முன்பின் யோசிக்காத முரட்டுத் துணிச்சல்காரர் என்பது. எனக்கு அந்தப் பதிலில் உடன்பாடில்லை. அவருக்கும் லண்டனுக்கும் நடுவே போய்வந்த தந்திகளைத் தேதிவாரியாக வரிசைப்படுத்திப் படித்தால் வேறொரு மனிதர் தெரிகிறார். படை பலம் போதவில்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னவர் அவர். குறிப்பாக ஒரு கப்பலைக் கேட்டுக்கொண்டே இருந்தார். அந்தக் கப்பலின் பெயர் 'டிஃபென்ஸ்'.

அதுவரை வந்த பாதை

கிராடக் 1862இல் வட இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் ஹார்ட்ஃபோர்த் என்ற ஊரில் பிறந்தவர். நிலபுலன் உள்ள குடும்பம். 1875இல், பதின்மூன்று வயதில், பயிற்சி மாணவனாகக் கடற்படையில் சேர்ந்தார். அந்தக் காலத்து வழக்கம் அது. மீசை முளைக்கும் முன்பே கடலுக்கு அனுப்பிவிடுவார்கள். பாய்மரம் இன்னும் முழுசாகப் போகாத, நீராவி இன்னும் முழுசாக வராத இடைக்காலத்தில் தொழில் கற்ற தலைமுறை அவருடையது.

1891இல் சூடானில் தோக்கர் சண்டையில் இருந்தார். 1900இல் சீனாவில் பாக்ஸர் கிளர்ச்சியின்போது 'அலாக்ரிட்டி' கப்பலின் கமாண்டராக இருந்தவர், தாக்கு என்ற ஊரின் கோட்டைகளைப் பிடிக்கும் சண்டையில் கரையிறங்கிய பிரிட்டிஷ் மாலுமிகளை முன்னின்று நடத்தினார். அடுத்த வருடமே கேப்டன் பதவி உயர்வு. 1910இல் ரியர் அட்மிரல். நடுவில் மூன்று புத்தகங்கள் எழுதினார். இளம் அதிகாரிகளுக்குக் கப்பல் கையாளும் நுணுக்கங்களைச் சொல்லித்தருவதும் அவற்றில் உண்டு. திருமணம் செய்துகொள்ளவில்லை. குதிரையேற்றமும் வேட்டையும் உயிர். சாவு வந்தால் வேட்டைக்களத்தில் கழுத்து முறிந்தோ கடற்சண்டையிலோ வர வேண்டும் என்று அவர் சொல்வதுண்டு என்று பழகியவர்கள் நினைவுகூர்ந்திருக்கிறார்கள். அவர் இறந்த பிறகு எல்லோரும் பிடித்துக்கொண்டது இந்தப் பேச்சைத்தான். சாவைத் தேடிப் போனவர் என்ற முத்திரையும் இதிலிருந்தே வந்தது.

ஆனால் அவர் வாழ்க்கையில் இன்னொரு சம்பவம் இருக்கிறது. அதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. 1911 டிசம்பரில், மொராக்கோவின் ஸ்பார்ட்டல் முனைக்கு அருகே, 'டெல்லி' என்ற பி அண்ட் ஓ கம்பெனிப் பயணிகள் கப்பல் புயலில் தரைதட்டி நின்றது. மன்னர் ஐந்தாம் ஜார்ஜின் தங்கையும் அவர் கணவர் ஃபைஃப் பிரபுவும் இரண்டு பெண்களும் அதில் இருந்தார்கள். உதவிக்கு வந்த பிரெஞ்சுக் கப்பல் மாலுமிகள் மூவர் அலையில் சிக்கி இறந்தார்கள். அந்தக் கொந்தளிப்பில் கிராடக் தானே படகில் போய் அரச குடும்பத்தை இறக்கினார். கரையை நெருங்கும்போது படகில் நீர் நிறைந்து, எல்லோரும் கடலில் விழுந்து, உயிர்காப்பு மிதவைகளின் உதவியோடுதான் கரை சேர்ந்தார்கள். 1912இல் அவருக்கு 'சர்' பட்டம் கிடைத்தது இதற்காக. இங்கே தெரிபவர் சாவைத் தேடும் ஆள் அல்ல. அடுத்தவரை ஏவாமல் தானே இறங்கும் ஆள். இரண்டும் ஒன்றல்ல என்பதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

1913இல் வட அமெரிக்க, மேற்கிந்தியக் கடற்பகுதியின் குரூசர் (வேகமாக ஓடும் நடுத்தரப் போர்க்கப்பல்) படைக்குத் தலைமை ஏற்றார். அப்போது மெக்சிகோவில் உள்நாட்டுப் போர். வெளிநாட்டவரைப் பத்திரமாக வெளியேற்றுவதுதான் முக்கிய வேலை. பிரிட்டிஷ், அமெரிக்க, ஜெர்மானியக் கப்பல்கள் ஒரே துறைமுகங்களில் பக்கத்தில் பக்கத்தில் நின்ற காலம். 1914 ஜூலையில் பதவியிழந்த மெக்சிகோ அதிபர் வெர்த்தாவை ஏற்றிக்கொண்டு பிரிட்டிஷ் ஜமைக்காவில் இறக்கிவிட்டது 'ட்ரெஸ்டன்' என்ற ஜெர்மானியக் கப்பல். மூன்றே மாதத்தில் அதே 'ட்ரெஸ்டன்' கொரோனெலில் கிராடக்குக்கு எதிரே நின்றது.

போர் தொடங்கியதும்

ஆகஸ்டு முதல் வாரமே 'கார்ல்ஸ்ரூஹே' என்ற ஜெர்மானியக் குரூசரைத் துரத்தினார், அது வேகத்தில் தப்பிவிட்டது. அப்புறம் கனடாவின் ஹாலிஃபாக்ஸில் தன் கொடியை 'குட் ஹோப்' கப்பலுக்கு மாற்றிக்கொண்டார். அங்கே கனடாக் கடற்படைக் கல்லூரியில் படித்து முடித்த நான்கு இளம் மிட்ஷிப்மேன்கள் (பயிற்சி அதிகாரிகள்) கப்பலில் ஏறினார்கள். முதல் உலகப் போரில் கனடா இழந்த முதல் வீரர்கள் அந்த நால்வர்தான்.

'குட் ஹோப்' பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 1901இல் கடலில் இறக்கப்பட்டது. பார்வைக்குப் பெரிய கப்பல். ஆனால் உண்மையிலேயே தொலைதூரம் சுடக்கூடிய கனரக பீரங்கிகள் இரண்டே இரண்டு, 9.2 அங்குலம், முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. மற்ற பதினாறும் 6 அங்குலம். அவற்றில் பாதியை நீர்மட்டத்துக்குப் பக்கத்தில், கீழ்த்தட்டில் வைத்துக் கட்டியிருந்தார்கள். கடல் கொஞ்சம் கொந்தளித்தால் அலை உள்ளே அடிக்கும், சுட முடியாது. 'மான்மத்'தில் பதினான்கு 6 அங்குல பீரங்கிகள், கனரகம் ஒன்றுகூட இல்லை. இரண்டு கப்பலிலும் இருந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் ரிசர்வ் படையினர். வீட்டிலும் வேலையிலும் இருந்தவர்களைப் போர் வந்ததும் அழைத்து ஏற்றியிருந்தார்கள். சேர்ந்து சுட்டுப் பழக அவர்களுக்கு நேரமே கிடைக்கவில்லை.

எதிர்ப்பக்கம் வைஸ் அட்மிரல் கிராஃப் ஃபான் ஷ்பே. சீனக் கடற்கரையில் சிங்தாவைத் தளமாகக் கொண்ட ஜெர்மானியக் கிழக்காசியப் படை. 'ஷார்ன்ஹோர்ஸ்ட்', 'க்னைசெனாவ்' என்ற இரண்டு கவசக் கப்பல்கள், ஒவ்வொன்றிலும் எட்டு 21 சென்டிமீட்டர் பீரங்கிகள். ஆண்டுக்கணக்கில் ஒன்றாகப் பயிற்சி பெற்ற, குறிதவறாமல் சுடுவதற்காக ஜெர்மானியப் பேரரசர் கைசரின் பரிசு வாங்கிய ஆட்கள்.

இந்தப் படையை நமக்கு வேறு வழியில் தெரியும். ஷ்பேயிடமிருந்து ஆகஸ்டு நடுவில், பசிபிக்கின் பாகன் தீவில், தனியே பிரிந்து இந்தியப் பெருங்கடலுக்கு வந்த கப்பல்தான் 'எம்டன்'. செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகள்மேல் குண்டு போட்டது அதுதான். "அவன் பெரிய எம்டன்" என்று இன்றும் நம் வாயில் அந்தப் பேர் நிற்கிறது. அதே செப்டம்பர் 22 அன்று, பூமிப் பந்தின் மறுபக்கத்தில், தாஹிதித் தீவின் பாபேத்தே துறைமுகத்தின்மேல் ஷ்பேயின் பெரிய கப்பல்கள் குண்டு வீசின. சென்னையில் மக்கள் மூட்டை கட்டிக்கொண்டு ஊரைவிட்டுக் கிளம்பிக்கொண்டிருந்தபோது, அந்தப் படையின் முக்கியப் பகுதி தென் அமெரிக்காவை நோக்கிக் கிழக்கே நகர்ந்துகொண்டிருந்தது.

தந்திகள்

இந்த வழக்கின் மையம் இங்கேதான் இருக்கிறது. அன்றைய செய்தித் தொடர்பு எப்படி என்று முதலில் சொல்லிவிடுகிறேன். லண்டனில் அட்மிரால்டி, அதாவது கடற்படைத் தலைமையகம். அங்கிருந்து கடலடிக் கம்பி வழியாக உருகுவேயின் மான்டிவிடியோ வரை தந்தி வரும். அங்கிருந்து ஃபாக்லாந்துக்கும் கப்பல்களுக்கும் கம்பியில்லாத் தந்தி. அது எட்டினால் எட்டும், எட்டாவிட்டால் கப்பல் ஏதாவது துறைமுகத்துக்குப் போய் வாங்கி வர வேண்டும். ஒரு கேள்விக்குப் பதில் வர நாட்கணக்கில் ஆகும். பதில் வரும்போது நிலைமை மாறியிருக்கும்.

செப்டம்பர் 14. அட்மிரால்டி கிராடக்குக்கு அனுப்பிய உத்தரவு தெளிவாகவே இருந்தது. 'ஷார்ன்ஹோர்ஸ்ட்', 'க்னைசெனாவ்' இரண்டையும் சந்திக்கும் அளவுக்குப் பலமான படையைத் திரட்டு. மத்தியதரைக் கடலிலிருந்து 'டிஃபென்ஸ்' உன்னோடு சேர வருகிறது. 'கனோபஸ்' என்ற போர்க்கப்பலும் வருகிறது. 'டிஃபென்ஸ்' வரும்வரை 'கனோபஸ்'ஐக் கொடிக்கப்பலோடு (தளபதி இருக்கும் கப்பல்) வைத்துக்கொள். மேலான பலம் கிடைத்ததும் மெகல்லன் நீரிணையைத் தாண்டித் தேடு, ஜெர்மானியக் குரூசர்களை அழி.

இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. 'டிஃபென்ஸ்' புதிய கப்பல், நான்கு 9.2 அங்குல பீரங்கிகளும் பத்து 7.5 அங்குல பீரங்கிகளும் உள்ளது. அது வந்திருந்தால் ஷ்பேயுடன் ஏறக்குறைய சமமாக நின்றிருக்கலாம்.

இரண்டே நாளில் எல்லாம் மாறியது. ஷ்பே சமோவாவில் தென்பட்டு, வடமேற்கே போனதாகச் செய்தி வந்தது. அது கண்ணைக் கட்ட அவர் செய்த வித்தை. லண்டன் நம்பிவிட்டது. ஷ்பே தென் அமெரிக்காவுக்கு வரவில்லை, படையைத் திரட்ட வேண்டியதில்லை, மேற்குக் கரையில் ஜெர்மானிய வணிகத்தைத் தாக்கு என்று கிராடக்குக்குப் புதிய உத்தரவு போனது. 'டிஃபென்ஸ்' மத்தியதரைக் கடலிலேயே நிறுத்தப்பட்டது. இந்தக் கடைசி விஷயத்தை மட்டும் கிராடக்குக்கு யாரும் சொல்லவில்லை.

என்னால் இதைச் சாதாரணமாகத் தாண்டிப் போக முடியவில்லை. ஒரு தளபதியிடம் ஒரு கப்பலைத் தருகிறேன் என்று சொல்லிவிட்டு, அதை நிறுத்தியதைச் சொல்லாமல் விடுகிறார்கள். அவர் வாரக்கணக்கில் அது வருகிறது என்ற கணக்கிலேயே திட்டம் போடுகிறார். சதி எதுவும் இல்லை, அலுவலகக் கவனக்குறைவுதான். ஆனால் கொரோனெலின் விதை இங்கே விழுந்தது என்பது என் முடிவு.

அக்டோபர் 4 அன்று ஃபிஜியின் சுவாவில் ஒட்டுக்கேட்ட ஒரு ஜெர்மானியச் செய்தி, ஷ்பே ஈஸ்டர் தீவை நோக்கி வருகிறார் என்று காட்டிக்கொடுத்தது. இப்போது லண்டன் மறுபடி கிராடக்குக்கு எழுதியது. அவர்களைச் சந்திக்கத் தயாராக இரு, 'கனோபஸ்' கூட இருக்கட்டும், தேடவும் வணிகத்தைக் காக்கவும் செய். 'டிஃபென்ஸ்' பற்றி ஒரு வார்த்தை இல்லை. கிராடக் கேட்டார், 'டிஃபென்ஸ்' என்னோடு சேருகிறதா? கூடவே ஒரு யோசனையும் சொன்னார். கிழக்குக் கரையில் ஒன்று, மேற்குக் கரையில் ஒன்று என இரண்டு படைகள் வேண்டும், ஒவ்வொன்றும் தனியாகவே ஷ்பேயைச் சமாளிக்கும் பலத்தோடு. இல்லையென்றால் ஷ்பே ஒன்றை ஏமாற்றிவிட்டு மற்றப் பக்கம் போய்விடுவார்.

இரண்டு படை என்ற யோசனையை லண்டன் ஏற்றது. ஆனால் 'டிஃபென்ஸ்' கிழக்குப் படைக்கு, ரியர் அட்மிரல் ஸ்டாடர்ட்டிடம் போனது. யோசனை சொன்னவருக்குக் கிடைத்தது 'கனோபஸ்'.

'கனோபஸ்' என்ற குழப்பம்

1897இல் கடலில் இறக்கப்பட்ட பழைய போர்க்கப்பல். நான்கு 12 அங்குல பீரங்கிகள். பெயருக்கு அந்தப் பகுதியிலேயே மிகப் பெரியவை. ஆனால் பழைய ரகம், எட்டும் தூரம் ஷ்பேயின் பீரங்கிகளைவிட அதிகம் என்று சொல்ல முடியாது. ஆட்களும் ரிசர்வ் படையினரே. இந்தக் கப்பலைச் சுற்றி இருந்தால் நம் குரூசர்களுக்கு எந்த ஆபத்தும் இல்லை, அது ஒரு கோட்டை மாதிரி என்பது அன்றைய கடற்படை அமைச்சர் வின்ஸ்டன் சர்ச்சிலின் கருத்து. பிற்பாடு தன் போர் வரலாற்றிலும் அப்படித்தான் எழுதினார்.

கோட்டைக்குள் இருந்தால் பாதுகாப்பு, சரி. ஆனால் கிராடக்குக்குக் கிடைத்த உத்தரவு பாதுகாப்பாக இரு என்பதல்ல, தேடு என்பது. 'கனோபஸ்' ஸ்டான்லிக்கு வந்து சேர்ந்ததும், அதன் இயந்திரங்கள் பழுது, 12 நாட் (மணிக்கு 12 கடல் மைல்) வேகத்துக்கு மேல் போகாது என்று தலைமைப் பொறியாளர் அறிக்கை கொடுத்தார். ஷ்பேயின் கப்பல்கள் 20 நாட் வேகத்துக்கு மேல் ஓடும். கோட்டையை இழுத்துக்கொண்டு ஓடுகிறவனைத் துரத்த முடியாது.

இதில் மனதைப் பிசையும் ஒரு விவரம் உண்டு. அந்தப் பொறியாளர் மனநலம் குன்றியிருந்தார். இயந்திரங்கள் உண்மையில் 16 நாட் வரை போகக்கூடிய நிலையில் இருந்தன. ஸ்டான்லியை விட்டுக் கிளம்பிய பிறகுதான் கேப்டன் ஹீத்கோட் கிராண்டுக்கு இது தெரியவந்தது. அவர் அதை அட்மிரலுக்குத் தெரிவிக்கவில்லை. தெரிந்திருந்தால் கிராடக் காத்திருந்திருப்பாரா? என் ஊகம், ஒருநாள் இருநாள் காத்திருக்க வாய்ப்பு உண்டு. அந்த ஒருநாளே போதுமானது, ஏனென்றால் சண்டை நடந்த மாலை 'கனோபஸ்' சுமார் 250 கடல் மைல் தெற்கே, இரண்டு கரிக்கப்பல்களைக் கூட்டிக்கொண்டு வந்துகொண்டிருந்தது.

அக்டோபர் 18 அன்று கிராடக் அனுப்பிய தந்தியில், சண்டைக்கு இழுக்கச் சூழ்நிலை வாய்க்கும் என்று நம்புகிறேன், ஆனால் 'கனோபஸ்' காரணமாகப் படையின் வேகம் 12 நாட்டைத் தாண்டாது என்று அஞ்சுகிறேன் என்று எழுதினார். இதை அவர் எழுதியது, இந்தக் கப்பலோடு வேலை நடக்காது என்று சொல்ல. லண்டன் படித்தது, சரி, 'கனோபஸ்' கூடவே இருப்பார் என்று. ஒரே வாக்கியம், இரண்டு பொருள்.

அக்டோபர் 26இல் வெளிப்படையாகவே சொன்னார். 'கனோபஸ்' வேகத்தில் எதிரியைத் தேடி அழிப்பது நடைமுறைக்கு ஒவ்வாது, எனவே 'டிஃபென்ஸ்' என்னோடு சேர வேண்டும் என்று நானே உத்தரவிட்டிருக்கிறேன், 'கனோபஸ்' கரிக்கப்பல்களுக்குத் துணையாக வரும். இந்தத் தந்தியின்மேல் சர்ச்சில் எழுதிய குறிப்பு, இது மிகவும் தெளிவில்லாமல் இருக்கிறது, கிராடக் என்ன நினைக்கிறார், என்ன வேண்டுகிறார் என்று எனக்குப் புரியவில்லை என்பது. அதற்குப் பின் போன பதில், 'டிஃபென்ஸ்' கிழக்குக் கரையிலேயே இருக்கட்டும், இரு பக்கமும் போதிய பலம் இருக்கிறது.

அந்த வாரம் லண்டன் அலுவலகம் எப்படி இருந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். முதல் கடற்படைத் தலைவர் பேட்டன்பெர்க் இளவரசர் ஜெர்மானிய வம்சம் என்பதற்காகத் தூற்றப்பட்டு அக்டோபர் இறுதியில் பதவி விலகினார். அவர் இடத்துக்கு எழுபத்து மூன்று வயது ஃபிஷர் திரும்ப வந்தார். ஃபிஷர் வரைபடத்தைப் பார்த்ததும் ஆபத்தைப் புரிந்துகொண்டார். நவம்பர் 3 அன்று, 'டிஃபென்ஸ்' உடனே கிராடக்கோடு சேர வேண்டும் என்று உத்தரவு போனது. கிராடக் இறந்து அப்போது இரண்டு நாள்.

ட்ரூப்ரிட்ஜின் நிழல்

கடிதத்தில் வந்த பெயருக்கு இப்போது வருகிறேன். ரியர் அட்மிரல் எர்னஸ்ட் ட்ரூப்ரிட்ஜ், மத்தியதரைக் கடலில் நான்கு கவசக் கப்பல்களுக்குத் தளபதி. போர் தொடங்கிய வாரம், 'கூபன்' என்ற ஜெர்மானியப் போர்க் குரூசர் துருக்கியை நோக்கி ஓடியது. மேலான பலத்தோடு மோதாதே என்று அவருக்கு உத்தரவு இருந்தது. பகல் வெளிச்சத்தில் 'கூபன்' தன்னைவிடப் பலமானது என்று கணக்குப் போட்டு, ஆகஸ்டு 7 விடியற்காலை துரத்தலைக் கைவிட்டார். 'கூபன்' கான்ஸ்டான்டினோபிள் போய்ச் சேர்ந்தது. துருக்கி ஜெர்மனியின் பக்கம் சாய அது பெரிய காரணமானது.

செப்டம்பரில் விசாரணைக் குழு ட்ரூப்ரிட்ஜைக் கடுமையாகச் சாடியது. எதிரியைத் துரத்தாமல் விட்டது பிரிட்டிஷ் கடற்படையின் மரபுக்கே முரணானது என்றது. கடற்படை நீதிமன்ற விசாரணைக்கு உத்தரவானது. இந்தச் செய்தி கடற்படை முழுக்கப் பரவியது. உத்தரவின் எழுத்துப்படி நடந்தவர், உயிர்களைக் காப்பாற்றியவர், கூண்டில் நிற்கிறார். அப்படியென்றால் 'மேலான பலம்' என்ற சொல்லுக்கு என்ன பொருள்? ஒவ்வொரு அட்மிரலும் தனக்குள் இதைக் கேட்டுக்கொண்டிருப்பார்.

அப்போது ட்ரூப்ரிட்ஜின் கொடிக்கப்பல் எது தெரியுமா? 'டிஃபென்ஸ்'தான்.

ட்ரூப்ரிட்ஜ் வழக்கு நவம்பர் 5 தொடங்கி 9இல் முடிந்தது. கொரோனெல் செய்தி லண்டனுக்கு வந்த மறுநாள் தொடக்கம். முழுமையாக விடுதலை செய்தார்கள். ஆனால் கடலில் ஒரு கப்பற்படையை நடத்தும் பொறுப்பு அவருக்கு மறுபடி தரப்படவில்லை. இந்தத் தீர்ப்பு ஒரு வாரம் முன்னால் வந்திருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

நவம்பர் 1

கிராடக்கின் கப்பல்கள் அன்று 'லைப்ஸிக்' என்ற ஒரே ஒரு குரூசரைத் தேடிக்கொண்டிருந்தன. ஷ்பே தன் படை முழுவதற்கும் 'லைப்ஸிக்'கின் அழைப்புக் குறியை மட்டுமே கம்பியில்லாத் தந்தியில் பயன்படுத்தச் சொல்லியிருந்தார். கொரோனெல் துறைமுகத்துக்குத் தந்திகள் வாங்கப் போய் வந்த கிராடக்கின் 'கிளாஸ்கோ' கப்பலைப் பிடிக்க ஷ்பே வந்துகொண்டிருந்தார். ஆக இரண்டு பேரும் ஒரு தனிக் கப்பலைப் பிடிக்க வந்து, முழுப் படையையே எதிரில் பார்த்தார்கள். மாலை நாலரை மணி இருக்கும்.

கிராடக்கிடம் 'குட் ஹோப்', 'மான்மத்', 'கிளாஸ்கோ', அப்புறம் பயணிகள் கப்பலுக்குப் பீரங்கி பொருத்திய 'ஒட்ரான்டோ'. தெற்கே திரும்பி 'கனோபஸ்' பக்கம் ஓடியிருக்கலாமா? இருட்ட இரண்டு மணி நேரம்தான். 'ஒட்ரான்டோ'வை விட்டுவிட்டால் தப்பித்திருக்க வழி இருந்தது என்பதை நான் மறுக்கவில்லை. அவர் செய்யவில்லை. 'கனோபஸ்'ஐ இவ்வளவு தூரம் பின்னால் விட்டுவிட்டு வந்ததும் அவருடைய முடிவுதான். லண்டனின் குழப்பத்தை எவ்வளவு சொன்னாலும் இந்த இரண்டும் அவர் கணக்கில்தான் நிற்கும்.

ஆனால் அவர் கண்ணை மூடிக்கொண்டு பாயவில்லை. சூரியன் மேற்கே, அவருடைய முதுகுப்பக்கம், ஜெர்மானியப் பீரங்கிக்காரர்களின் கண்ணில் அடித்துக்கொண்டிருந்தது. அது மறைவதற்குள் நெருங்கிவிட்டால் அனுகூலம் அவருக்கு. ஆறு மணிக்குப் பிறகு எதிரியை நோக்கித் திரும்பினார். ஷ்பே அதைப் புரிந்துகொண்டு அதே அளவு விலகிப் போனார். அவரிடம் வேகம் இருந்தது, பொறுமையும் இருந்தது. 6.18க்கு, இப்போது எதிரியைத் தாக்கப் போகிறேன் என்று 'கனோபஸ்'க்குச் செய்தி அனுப்பினார் கிராடக்.

சூரியன் மறைந்தது. ஒரு நொடியில் எல்லாம் தலைகீழ். செவ்வானத்துக்கு எதிரே பிரிட்டிஷ் கப்பல்கள் கறுப்பு நிழல்களாகத் துல்லியமாகத் தெரிந்தன. ஜெர்மானியக் கப்பல்களோ சிலியின் மலைப்பக்க இருட்டில் கரைந்துவிட்டன. சுமார் ஏழு மணிக்கு, 11 கிலோமீட்டர் தூரத்தில், ஷ்பே சுடத் தொடங்கினார். மூன்றாவது சுற்றிலேயே 'குட் ஹோப்'பின் முன்பக்க 9.2 அங்குல பீரங்கி போய்விட்டது. இருந்த இரண்டில் ஒன்று. கடல் கொந்தளிப்பில் கீழ்த்தட்டு பீரங்கிகள் பயன்படவில்லை. 6 அங்குலக் குண்டுகள் எட்ட வேண்டுமென்றால் நெருங்க வேண்டும், நெருங்கினால் அடி இன்னும் பலமாக விழும். கிராடக் நெருங்கிக்கொண்டே போனார். ஏழே முக்கால் கடந்ததும் 'குட் ஹோப்' நடுவில் வெடித்தது. அப்புறம் அதிலிருந்து ஒரு சத்தமும் இல்லை.

'மான்மத்' எரிந்துகொண்டு, சாய்ந்து, மிதந்துகொண்டிருந்தது. 'கிளாஸ்கோ'வின் கேப்டன் ஜான் லூஸ் பக்கத்தில் வந்து விசாரித்தார். உதவ வழியில்லை. தானும் மாட்டிக்கொண்டால் 'கனோபஸ்'ஐ எச்சரிக்க ஆளில்லை. விலகிப் போனார். அந்த முடிவு எவ்வளவு கடினமானது என்பதை நினைத்தாலே தொண்டை அடைக்கிறது. ஒன்பது மணிக்குப் பிறகு 'நூர்ன்பெர்க்' என்ற ஜெர்மானியக் கப்பல் 'மான்மத்'தைக் கண்டுபிடித்தது. 'மான்மத்'தின் கொடி இறங்கவில்லை. 'நூர்ன்பெர்க்' சுட்டது. தூரத்தில் போய்க்கொண்டிருந்த 'கிளாஸ்கோ'வில் இருந்தவர்கள் அந்த வெளிச்சக் கீற்றுகளை எண்ணினார்கள். எழுபத்தைந்து.

பின்னர்

ஷ்பே வால்பரைசோ போனபோது அங்கிருந்த ஜெர்மானியர் பூங்கொத்து கொடுத்தார்கள். என் கல்லறைக்கு உதவும் என்றாராம். குண்டுகளில் நாற்பது சதவீதத்துக்கு மேல் செலவாகியிருந்தது, நிரப்பிக்கொள்ள ஒரு துறைமுகமும் இல்லை. டிசம்பர் 8 அன்று ஃபாக்லாந்தைத் தாக்க வந்தார். ஃபிஷர் அவசரமாக அனுப்பிய 'இன்வின்சிபிள்', 'இன்ஃப்ளெக்சிபிள்' என்ற இரண்டு போர்க் குரூசர்கள் முந்தின நாள்தான் அங்கே வந்திருந்தன. அவற்றை நடத்தி வந்த ஸ்டர்டீ, கிராடக்குக்குத் தந்திகள் போன நாட்களில் அட்மிரால்டியின் போர்ப் பணியகத் தலைவராக இருந்தவர். ஜெர்மானியர்மேல் முதல் குண்டைச் சுட்டது, ஸ்டான்லியில் சேற்றில் இருத்திவைக்கப்பட்டிருந்த 'கனோபஸ்'. ஷ்பேயும் அவருடைய இரண்டு மகன்களும் அன்று இறந்தார்கள்.

1916 ஜூன் 16 அன்று யார்க் பேராலயத்தில் கிராடக்குக்கு நினைவுச் சின்னம் திறக்கப்பட்டது. திறந்துவைத்தவர், சர்ச்சிலுக்குப் பின் கடற்படை அமைச்சரான பால்ஃபோர். பழுது பார்க்க இடமில்லாத எதிரியைக் காயப்படுத்திவிட்டால்கூடப் போதும், தன் படை அழிந்தாலும் அது நாட்டுக்கு லாபம் என்று கிராடக் கணக்குப் போட்டிருக்கலாம் என்று பேசினார். மதிப்புக்குரிய விளக்கம்தான். ஆனால் 'டிஃபென்ஸ்' பற்றிய கேள்விக்கு அதில் பதில் இல்லை.

அந்தக் கப்பலும் அப்போது இல்லை. பதினாறு நாள் முன்னால், மே 31 அன்று, ஜட்லாந்து சண்டையில் வெடித்துச் சிதறி, சுமார் 900 பேரோடு வடகடலில் மூழ்கியிருந்தது.